உள்ளங்கால் மச்சமும் பிராஃப் மரபணுவும்: அறிக்கை சொல்வது எது, சொல்லாதது எது

உள்ளங்காலில் இருந்த ஒரு மச்சத்தை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். "பிராஃப் வி600ஈ திடீர்மாற்றம் உள்ளது" என்று அறிக்கை வருகிறது. அந்தப் பெயரைக் கைபேசியில் தேடினால் வருவதெல்லாம் மெலனோமா என்கிற தோல் புற்றுநோய்ப் பக்கங்கள். அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அதே சோதனையில் "திடீர்மாற்றம் இல்லை" என்று வந்தவரோ, கண்டம் தப்பியது என்று அறிக்கையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார். முதலாமவரின் பயத்துக்கும் இரண்டாமவரின் நிம்மதிக்கும் அந்த ஒரு வரியில் ஆதாரம் கிடையாது. கை கால் மச்சங்களில் நடக்கும் மரபணு மாற்றத்தை அடியிலிருந்து பார்த்தால்தான் இதன் காரணம் விளங்கும்.

## மச்சம் எதனால் ஆனது

தோலின் மேலடுக்கின் அடிவரிசையில் மெலனோசைட் என்கிற நிறமிச் செல்கள் இருக்கின்றன. மெலனின் என்கிற கருநிறமியை உண்டாக்கிச் சுற்றியுள்ள தோல் செல்களுக்குக் கொடுப்பது இவற்றின் வேலை. சாதாரணமாக இவை ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, தனித்தனியாக இருக்கும். ஓர் இடத்தில் ஒரே ஒரு நிறமிச் செல் பெருகிக் கூட்டமாகத் திரண்டுவிட்டால் அதுதான் மச்சம்.

உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி ஆகிய இடங்களில் வருவதைக் கை கால் மச்சம் என்று தனியாகப் பிரிக்கிறார்கள். அங்குள்ள தோலே வேறு மாதிரியானது. முடி கிடையாது. மேலே இறந்த செல்களாலான தடித்த கொம்புப் படலம். ரேகை ரேகையாக மேடும் பள்ளமும். வியர்வைத் துளைகள் மேட்டின் முகட்டில் வரிசையாகத் திறந்திருக்கும். மேடு, பள்ளம், துளை என்ற இந்த மூன்றும் பின்னால் நோயைக் கண்டுபிடிக்கும் இடத்தில் மறுபடி வரும்.

உள்ளங்கையில் மச்சம் இருந்தால் பணம் தங்கும், காலில் இருந்தால் ஊர் ஊராய்ச் சுற்ற வைக்கும் என்பது நம்மிடம் பழைய பேச்சு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க (வணிகம் செய்ய) போனவர்களின் ஊர்களில் அதற்கு மவுசு இருந்ததில் வியப்பில்லை. ஆனால் "அதிர்ஷ்ட மச்சம், கை வைக்காதே" என்று சொல்லி, வளரும் மச்சத்தைப் பல வருடம் யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பது ஆபத்து.

## ஓர் எழுத்து மாறினால்

பிராஃப் என்பது 7ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு. "பெருகு" என்று செல்லுக்கு வெளியிலிருந்து வரும் உத்தரவை உள்ளே கடத்தும் புரதத்தை அது உண்டாக்குகிறது. அந்த மரபணுவின் 1799ஆம் எழுத்தான டி, ஏ-வாக மாறிவிட்டால், புரதத்தின் 600ஆம் இடத்தில் இருக்க வேண்டிய வாலின் என்கிற அமினோ அமிலம் போய் குளூட்டாமிக் அமிலம் வந்து உட்காரும். இதற்குப் பெயர்தான் வி600ஈ. அதன்பின் வெளியிலிருந்து உத்தரவு வராமலேயே அந்தப் புரதம் "பெருகு, பெருகு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

மெலனோமாவில் இந்த மாற்றம் 2002இல் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே, ஒரு தீங்கும் செய்யாத சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும், ஏறத்தாழ ஐந்தில் நான்கில், இதே மாற்றம் இருப்பது தெரியவந்தது. புற்றுநோய் மரபணு என்று பெயரெடுத்த ஒன்று, முதுகிலும் தோளிலும் வருடக்கணக்காகச் சும்மா கிடக்கும் மச்சங்களிலும் இருந்தது. பிறகு கை கால் மச்சங்களைச் சோதித்தபோதும் அதே கதைதான். அவற்றிலும் பெரும்பாலானவற்றில் பிராஃப் வி600ஈ. மிச்சத்தில் ஒரு சிறு பங்கில் அதே உத்தரவுப் பாதையில் வேலை செய்யும் என்ராஸ் என்கிற மரபணுவில் மாற்றம்.

ஆகவே அறிக்கையில் "பிராஃப் வி600ஈ உள்ளது" என்ற வரியைப் பார்த்தால், "இது மச்சமாக ஆன காரணம் தெரிகிறது" என்றுதான் முதலில் படிக்க வேண்டும்.

## பெருகத் தொடங்கியது ஏன் நின்றுவிடுகிறது

மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு அணையவில்லை என்று வையுங்கள். தொட்டிக்குள் இருக்கும் மிதவை மேலே எழும்பி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால் வீடு நனையாது. பிராஃப் மாற்றம் அந்த ஒட்டிக்கொண்ட சுவிட்ச். செல்லுக்குள் மிதவையாக இருப்பவற்றில் முக்கியமானது, 9ஆம் குரோமோசோமில் உள்ள சிடிகேஎன்2ஏ மரபணு தரும் பி16 புரதம். அளவுக்கு மீறிப் பெருகும் உத்தரவு வந்ததும் பி16 கூடி, செல் பிரிவதை நிறுத்திவிடும். மச்சச் செல்களில் இப்படிப்பட்ட நிறுத்தம் நடப்பதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. பி16 மட்டும் அல்ல, வேறு தடைகளும் சேர்ந்து வேலை செய்கின்றன.

மச்சம் சில மில்லிமீட்டர் வளர்ந்து அப்படியே நின்றுவிடுவது இதனால்தான். சுவிட்சும் கெட்டு மிதவையும் உடைந்தால்தான் வெள்ளம். மெலனோமாக்களில் சிடிகேஎன்2ஏ அடிக்கடி அழிந்து காணப்படுவது அதற்கு ஒத்துப்போகிறது.

## மச்சத்தின் மரபணுவும் மெலனோமாவின் மரபணுவும்

வெயில் அவ்வப்போது படும் தோலில் வரும் மெலனோமாக்களில் சுமார் பாதியில் பிராஃப் மாற்றம் இருக்கும். கை கால் மெலனோமாவிலோ சுமார் ஐந்தில் ஒன்றில்தான். சில நோயாளித் தொகுப்புகளில் அதற்கும் குறைவு. மச்சத்தில் பெரும்பாலும் இருக்கும் மாற்றம், அதே இடத்தில் வரும் புற்றுநோயில் பெரும்பாலும் இல்லை.

கை கால் மெலனோமாவுக்குள் இருப்பது வேறு வகைக் கோளாறு:

1. துண்டு துண்டாகப் பெருகுதல். ஓர் எழுத்து மாறுவதோடு நிற்பதில்லை. குரோமோசோமின் ஒரு பகுதியே பல பிரதிகளாகப் பெருகிவிடுகிறது. 11ஆம் குரோமோசோமில் சைக்ளின் டி1 தரும் பகுதி, 5இல் டெர்ட், 12இல் சிடிகே4 ஆகிய மரபணுக்கள் அடிக்கடி இப்படிப் பெருகியிருக்கும்.
2. தடை அழிதல். மேலே சொன்ன சிடிகேஎன்2ஏ. சிலவற்றில் என்எஃப்1 என்கிற இன்னொரு தடை மரபணு.
3. கிட் மாற்றம். 4ஆம் குரோமோசோமில் உள்ள கிட் மரபணு, ஏறத்தாழ பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரையான கட்டிகளில் மாறியோ பெருகியோ இருக்கும்.
4. என்ராஸ், பிராஃப். இவையும் உண்டு. ஆனால் இவற்றை வைத்து நோயின் பெரும்பகுதியை விளக்க முடியாது.

இந்தத் துண்டுப் பெருக்கம் நோயின் கடைசிக் கட்டத்தில் வருவதும் அல்ல. கட்டியின் ஓரத்தைத் தாண்டி, கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் தோலில் இருக்கும் தனித்தனி நிறமிச் செல்களிலேயே அது காணப்படுகிறது. அப்படியானால் நோய் அந்தத் தோலில் தனியாகவே தொடங்கியிருக்க வேண்டும், அது தொடங்க ஒரு மச்சம் தேவைப்படவில்லை. கை கால் மெலனோமாக்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருந்த மச்சத்திலிருந்து வருவதில்லை, புதிதாகவே வருகின்றன என்று தோல் மருத்துவர்கள் சொல்வதற்கு இது வலுவான காரணம்.

2022இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு கதவைத் திறந்தது. வரிக்குதிரை மீன்களை வைத்துச் செய்தது. கை கால் மெலனோமாவில் பெருகிக் காணப்படும் சிஆர்கேஎல் என்கிற மரபணுவைப் புகுத்தினால், கட்டி உடலைவிட, மீனுக்குக் கை கால் போன்ற துடுப்பில் கூடுதலாக வந்தது. கை கால் முனையில் இருக்கும் செல்கள், "நான் இருப்பது முனையில்" என்ற அடையாளத்தைக் கருவில் உருவாகும்போதே ஹாக்ஸ்13 என்ற மரபணுக்கள் வழியாகப் பெற்றுவிடுகின்றன. அந்த அடையாளமே, எந்தக் கோளாறு அங்கே புற்றாக மாறும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. தோளில் இருக்கும் நிறமிச் செல்லையும் குதிகாலில் இருக்கும் நிறமிச் செல்லையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது.

இப்போது தொடக்கத்தில் சொன்ன இருவரிடம் வருவோம். பிராஃப் "உள்ளது" என்பது நல்ல மச்சத்திலும் இருக்கும். பிராஃப் "இல்லை" என்பது கை கால் மெலனோமாவில் பெரும்பாலும் இருக்கும் நிலை. அதனால் உள்ளங்காலில் உள்ள ஒரு புள்ளி புற்றா இல்லையா என்று இந்த ஒரு சோதனையை வைத்துப் பிரிக்கவே முடியாது.

## வெயிலா, நடையா, பரம்பரையா

வெயில் காரணம் என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வில் விட்டுச் செல்லும் தடயம் முகம், முதுகு மெலனோமாக்களில் நிறைய இருக்கும். உள்ளங்கால் கட்டிகளில் அரிதாகவே இருக்கும். எனவே இதற்கு சன்ஸ்கிரீன் தடவிப் பயனில்லை.

அழுத்தம் பற்றிப் பேச்சு உண்டு. உள்ளங்காலில் எடை விழும் குதிகாலிலும் முன்பாதத்திலும் மெலனோமா கூடுதலாக வருவதை ஜப்பானிய மருத்துவர்கள் 2016இல் எழுதினார்கள். அதற்காக, தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு வெறுங்காலோடு நடப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. நடப்பவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருகிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பாதத்தில் எந்த இடத்தில் வருகிறது என்பதைத்தான் சொல்கிறது.

பரம்பரைக் கேள்வியும் வீட்டுக்கு வீடு வரும்: சொந்தத்துக்குள் பெண் எடுத்துப் பெண் கொடுத்ததால் வந்ததா, பிள்ளைக்கும் வருமா? மச்சத்தில் இருக்கும் பிராஃப் மாற்றம் பிறந்த பின் ஒரு செல்லில் மட்டும் நேர்ந்தது. ரத்தத்தில் அது இல்லை, விந்திலோ முட்டையிலோ இல்லை. பிள்ளைக்குப் போகாது. எச்சிலைத் துப்பி அனுப்பச் சொல்லும் மரபணுச் சோதனைகள் காலில் உள்ள மச்சத்தைப் பற்றி எதையும் சொல்ல முடியாததும் இதனால்தான்.

விதிவிலக்கு ஒன்று. சிறுவயதிலேயே உதடு, வாயின் உட்புறம், விரல்கள், உள்ளங்கை ஆகியவற்றில் கூட்டமாகக் கரும்புள்ளிகள் வந்து, அடிக்கடி வயிற்றுவலியும் இருந்தால் அது பியூட்ஸ்–ஜெகர்ஸ் நோயாக இருக்கலாம். எஸ்டிகே11 மரபணுவில் பரம்பரையாக வரும் மாற்றம் அது. அங்கே தோல் புள்ளிகளால் கேடில்லை. குடலில் வளரும் கட்டிகளைத்தான் கவனிக்க வேண்டும்.

## மேடும் பள்ளமும்: உண்மையான சோதனை இதுதான்

டெர்மோஸ்கோப் என்பது கையடக்கமான விளக்கு வைத்த உருப்பெருக்கி. சாதாரணமாக 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அதில் உள்ளங்காலைப் பார்த்தால் மேடுகள் அகலமான பட்டைகளாகவும், அவற்றின் நடுவே வியர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளி வரிசையாகவும், பள்ளங்கள் ஒல்லியான கோடுகளாகவும் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நிறம் எங்கே விழுந்திருக்கிறது?

- நிறம் பள்ளத்தில் கோடு கோடாக இருந்தால் பெரும்பாலும் சாதாரண மச்சம். சில நேரம் பள்ளக் கோடுகளோடு குறுக்குக் கோடுகளும் சேர்ந்து சட்டம் சட்டமாகத் தெரியும். அதுவும் சாதாரணமே. எடை விழும் இடத்தில் நிறமி சாய்ந்து, மயிரிழைபோல் சரிந்த கோடுகளாகத் தெரிவதும் உண்டு.
- நிறம் மேட்டில் பட்டையாக, வெள்ளைத் துளைகளைச் சுற்றி நிறைந்திருந்தால் மெலனோமா சந்தேகம்.

ஜப்பானில் சாய்தாவின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், மேட்டில் நிறம் என்ற அடையாளம் மெலனோமாக்களில் 86 விழுக்காட்டைப் பிடித்தது. மெலனோமா அல்லாதவற்றில் 99 விழுக்காட்டைச் சரியாக விலக்கியது. பல ஆயிரம் ரூபாய் செலவாகும் மரபணுச் சோதனை தராத தெளிவை இந்தச் சின்னக் கருவி தருகிறது.

மேடு எது, பள்ளம் எது என்று கண்டுபிடிக்கக் கடினமாக இருந்தால் மை வைத்துப் பார்ப்பார்கள். பேனா மையை அந்த இடத்தில் தடவி மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். மச்சத்தின் நிறம் மைக்கோட்டோடு ஒன்றிப்போகிறதா, இரண்டு மைக்கோடுகளுக்கு நடுவில் நிற்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

அதே குழுவினர் வகுத்த முடிவெடுக்கும் முறை இது:

1. மேட்டில் நிறம் இருந்தால், அளவு எதுவானாலும் பயாப்ஸி, அதாவது சதை எடுத்துப் பரிசோதித்தல்.
2. மேலே சொன்ன சாதாரண வடிவங்களில் ஒன்று தெளிவாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம்.
3. இரண்டிலும் சேராமல், குறுக்களவு 7 மி.மீ.க்கு மேல் இருந்தால் பயாப்ஸி. அதற்கு உட்பட்டதாக இருந்தால் குறிப்பிட்ட இடைவெளியில் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தல்.

கருத்த தோல் உள்ள நமக்கு ஒரு திருத்தம் தேவை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இயல்பாகவே திட்டுத் திட்டாக நிறம் இருக்கும். அதிலும் மேட்டில் நிறம் தெரியலாம். பல இடங்களில், இரண்டு கால்களிலும், பல வருடமாக மாறாமல் இருப்பது இயல்பு நிறத்தின் அடையாளம். ஒரே இடத்தில், ஒற்றையாக, வளர்ந்துகொண்டிருப்பது அப்படியல்ல.

மருத்துவரிடம் போகும் முன் மருதாணி வைக்க வேண்டாம். நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். மருதாணிச் சிவப்பு கொம்புப் படலத்தில் ஊறி, ரேகைக் கணக்கையே மறைத்துவிடும். அது முழுதும் போக இரண்டு மூன்று வாரம் ஆகும்.

## மச்சம் என்று ஏமாற்றுபவை

குதிகால் ரத்தப் புள்ளிகள். நீண்ட நடைக்குப் பின் குதிகால் ஓரத்தில் கருப்பாகப் புள்ளிகள் வரும். உராய்வில் கசிந்த ரத்தம் கொம்புப் படலத்தில் மாட்டிக்கொண்டது. டெர்மோஸ்கோப்பில் மேடுகளின் மேல் செங்கருப்புக் கூழாங்கற்கள் போலத் தெரிவதால் அனுபவம் குறைந்தவர்கள் மெலனோமா என்றே நினைக்கக்கூடும். மருத்துவர் பிளேடால் மேல்தோலை மெல்லச் சீவினால் கருப்பு கூடவே வந்துவிடும். மச்சம் அப்படி வராது.

நகத்தடி ரத்தக்கட்டு. நகம் வளர வளர இது முன்னால் நகரும், பின்னால் தெளிவான நகம் தெரியும். கால் பெருவிரல் நகம் முழுதும் மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால், மாதம் ஒரு முறை படம் எடுத்து நகர்வதைப் பாருங்கள். நகத்தின் அடியிலிருந்து நுனிவரை கோடாக நிற்பது ரத்தக்கட்டு அல்ல.

பால்மரு. உள்ளங்கால் மருவுக்குள் தெரியும் கருப்புப் புள்ளிகள் அடைபட்ட ரத்தக் குழாய்கள். ரேகைக் கோடுகள் மருவின் மேல் ஓடாமல் விலகிப் போகும்.

சாயக் கறை. ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்கள் கையில் படியும் வண்ணம், சேங்கொட்டைக் கறை முதலியவை தோல் உதிரும்போது போய்விடும்.

இவற்றைவிடக் கவலைக்குரியது எதிர்த்திசையில் நடக்கும் தவறு. சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலில் ஆறாத புண். நிறமே இல்லாத, இளஞ்சிவப்பான மெலனோமாவும் அப்படியே இருக்கும். சர்க்கரைப் புண் என்றே மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். சரியான சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு மாதத்தில் ஆறாத உள்ளங்கால் புண்ணில் ஓரத்திலிருந்து சதை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை.

## எப்போது காட்ட வேண்டும்

50 வயதுக்குமேல் உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ புதிதாக வந்தது, 7 மி.மீ.க்கு மேல் போனது, அதாவது பென்சில் தடிமனைத் தாண்டியது. ஒரே புள்ளியில் பல நிறம். தானாக ரத்தம் கசிவது. ஒரே ஒரு நகத்தில் மட்டும் வந்து அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோடு. அந்த நகக்கோட்டின் கருமை நகத்தை ஒட்டிய தோலுக்கும் பரவியிருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் உள்ளன.

மெலனோமா இந்தியாவில் அரிது, மொத்தப் புற்றுநோய்களில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் வெள்ளைத் தோலினரின் மெலனோமாக்களில் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் கை கால் வகை. ஆசியர்களிடம் அதன் பங்கு அதைவிடப் பல மடங்கு பெரியது. நமக்கு வந்தால் பாதத்தில் வரும் வாய்ப்பு அதிகம். நாம் கண்ணாடியில் பார்க்காத இடமும் அதுதான்.

## வெட்டி எடுக்கும்போது எங்கே தவறுகிறது

சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைத்து வைத்து மச்சத்தை எரிப்பது, அழகு நிலையத்தில் சுட்டு எடுப்பது இரண்டையும் செய்யவே கூடாது. சுட்டால் பரிசோதிக்கச் சதை மிஞ்சாது. அடியில் செல்கள் மிச்சமிருந்தால் தழும்புக்குள் நிறம் தாறுமாறாகத் திரும்பி வரும். அந்தத் தழும்பை பிறகு வெட்டிப் பார்த்தாலும், மச்சம் திரும்பியதா மெலனோமாவா என்று நோயியல் மருத்துவருக்கே குழப்பம் வரும்.

முறையாக எடுக்கும்போதும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எடுத்த தோலை ரேகைக்குக் குறுக்காக அறுத்துக் கண்ணாடித் தகட்டில் வைக்க வேண்டும். ரேகையோடு நெடுக்காக அறுத்தால் மேடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் போய்விடும். அறுவை மருத்துவர் படிவத்தில் "உள்ளங்கால்" என்று எழுதியே தீர வேண்டும். இந்த இடத்து நல்ல மச்சங்களில்கூட நிறமிச் செல்கள் மேலடுக்கை நோக்கி ஏறியிருப்பது சகஜம். முதுகில் இப்படி இருந்தால் மெலனோமா என்று எழுதிவிடுவார்கள். இடம் தெரியாமல் படித்தால் நல்ல மச்சத்துக்குப் புற்று என்று அறிக்கை வந்துவிடும். அப்படி வந்தால் பயந்து உடனே விரலை எடுக்கச் சம்மதிக்காமல், கண்ணாடித் தகட்டையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

## மரபணுச் சோதனை பயன்படும் இடம்

மெலனோமா என்று சதைப் பரிசோதனையில் உறுதியாகி, நெறிகட்டிக்கோ வேறு உறுப்புக்கோ பரவியிருந்தால் அப்போதுதான் பிராஃப், என்ராஸ், கிட் மூன்றையும் பார்ப்பது மருந்தைத் தீர்மானிக்க உதவும். பிராஃப் வி600 மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கலாம். மாற்றம் இல்லாதவருக்கு பிராஃப் தடுப்பு மருந்தைத் தனியாகக் கொடுத்தால், பெருகும் உத்தரவு அடங்குவதற்குப் பதில் கூடிவிடும். சோதனை இல்லாமல் இந்த மாத்திரையைத் தொடங்கவே கூடாது என்பதற்கு இதுவே காரணம். கிட் மாற்றம் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு இமாட்டினிப் வேலை செய்கிறது. மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்கக்கூடிய நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகளும் உண்டு. எழுத்து மாற்றங்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் கை கால் மெலனோமாவில் அவை மற்ற மெலனோமாக்களில் போல அவ்வளவு பலன் தருவதில்லை. வெட்டி எடுத்தது சாதாரண மச்சம் என்று சதைப் பரிசோதனையே சொல்லிவிட்டால், அதன்மேல் பிராஃப் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.